வீடு தருவார்கள் என்று நான் சொன்னது

ஒரு கறுப்பு அட்டைப்பெட்டி. அதற்குள் பத்துப் படங்கள்: ஆளில்லாத படகு, மூடிய கதவு, கடற்கரையில் முதுகு காட்டி நிற்கும் ஒருத்தி. ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, பார்க்கிறவர்களுக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்டு எழுதுவது என் வேலை. புயல் அடித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. இராமேஸ்வரத்தில் கரையோரக் குடும்பங்கள் ஓலைக் கொட்டகைகளில் கிடந்தன. துயரம் மனத்தை என்ன செய்கிறது என்று ஆராயச் சென்னையிலிருந்து வந்திருந்த உளவியல் பேராசிரியருக்கு அவர்களுடைய பேச்சு பிடிபடவில்லை. உளவியல் படித்துவிட்டு இராமநாதபுரத்தில் ஆசிரியையாக இருந்த என்னை உதவிக்கு அழைத்துக்கொண்டார்.

முதல் நாள் யாரும் வரவில்லை. "அரசாங்கத்துக்கு இது பயன்படும் என்று சொல்லிப் பாருங்கள்" என்றார் பேராசிரியர். நான் போய்ச் சொன்னபோது அது, "பதில் சொன்னா வீடு குடுப்பாக" என்று ஆகிவிட்டது. இத்தனை வருஷம் கழித்தும் ஆகிவிட்டது என்றுதான் எழுத வருகிறது, ஆக்கியது நான். மறுநாள் காலை நாங்கள் உட்கார்ந்திருந்த கொட்டகை வாசலில் வரிசை நின்றது. எப்படி வந்தார்கள் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்த வரிசையில்தான் ஒரு அக்கா வந்தாள். புருஷனையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் கடலுக்குக் கொடுத்தவள். படகுப் படத்தைக் கண்டதும் கழுத்திலிருந்த செபமாலையைப் பற்றிக்கொள்வாள், ஆனாலும் சொல்வாள். தண்ணீர் எந்தப் பக்கமாக ஏறியது, சின்னவளின் கை எந்த இடத்தில் நழுவியது, எல்லாம். ஒரே ஆளிடம் வாரம் ஒருமுறை கேட்டு, நினைவு எப்படி மாறுகிறது என்று பார்ப்பது பேராசிரியரின் முறை. மூன்றாம் முறை சொல்லி முடித்ததும் வெளியே போய் வாந்தி எடுத்தாள். தண்ணீர் கொடுத்தேன். அதையும் தாளில் குறித்தேன்.

நான்காம் வாரம் எல்லாருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள்.

"டீச்சர், ஒண்ணு எழுதிக்கிருங்க. வீடு குடுக்கையில வாசல் கடலப் பாக்காம இருக்கணும். அது போதும்."

பேனாவை மூடிவிட்டேன். "அக்கா, இதுக்கும் வீட்டுக்கும் சம்பந்தமில்ல. நாந்தான் பொய் சொல்லிட்டேன். இது ஒரு ஆராய்ச்சிக்காகக் கேக்குறது. வேண்டாம்னா நீங்க எந்திரிச்சுப் போயிரலாம்."

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "மூணு தடவ சொன்னேனே, டீச்சர்" என்றாள். பிறகு, "எம் புள்ளைக பேரு அதுல இருக்கா? அதக் குடுத்துருங்க."

பேராசிரியர் கெட்டவர் அல்லர். நான் செய்ததைக் கேட்டு முகம் வாடினார். ஆனால், "பேரை அடித்துவிட்டு எண் போட்டுக்கொள்வோம், அவர்களுக்கு ஒரு குறையும் வராது, சொன்னதைத் திருப்பித் தர முடியுமா" என்றார். நான் அந்த மூன்று தாள்களையும் குறிப்புக் கட்டிலிருந்து உருவி அவளிடம் கொடுத்தேன். மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு, என்னைப் பார்க்காமல் போனாள். வரிசையில் நின்றவர்களிடமும் உண்மையைச் சொன்னேன். பாதிப் பேர் கலைந்தார்கள். மீதிப் பேர் நகரவில்லை. "வீடு இல்லாட்டிப் போகுது, கேக்கவாச்சும் ஒரு ஆளு வந்துருக்குல்ல" என்றார் ஒரு பெரியவர். அதைக் கேட்டபிறகு எனக்கு அங்கே நிற்கத் தெம்பில்லை. அன்றே ஊர் திரும்பினேன்.

பின்னாளில் கல்லூரியில் பாடம் நடத்தினேன். இப்போதெல்லாம் ஆய்வு மாணவர்கள் கையெழுத்து வாங்கிய ஒப்புதல் படிவங்களோடு வருகிறார்கள். அவற்றைப் பார்க்கும்போது நிம்மதியைவிட அசதிதான் அதிகம் வருகிறது. படித்துக் காட்டினாயா, எதற்கென்று அவர்களுக்குப் புரிந்ததா என்று கேட்பேன். தலையாட்டுவார்கள். அன்று நானும் அப்படித்தான் தலையாட்டியிருப்பேன்.

அந்த அக்காவை அப்புறம் ஒரே ஒருமுறை பார்த்தேன், மறுவருஷம் இராமநாதபுரம் பஸ் நிலையத்தில். ஒதுங்கிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். அவளே நின்றாள். வேறு பேச்சு வராமல், "வீடு கெடச்சுச்சாக்கா?" என்றேன்.

"கெடச்சிருச்சு, டீச்சர்" என்றாள். "ஒண்ணுமே கேக்காமக் குடுத்துட்டாக."