கத்தரி வெட்டிய மூலை

என் நாத்தனாருக்கு வீட்டில் கத்தரி என்று பெயர். சட்டையில் ஒரு நூல் தொங்கினால் போதும், போட்டிருப்பவர் யாரென்றுகூடப் பார்க்கமாட்டாள், நறுக்கிவிடுவாள். வேலையும் அதற்கேற்றாற்போல் அமைந்தது. மருத்துவமனையில் எடுக்கும் ஸ்கேன் படங்களில் இதயத்தின் உட்சுவரை ஓரம் பிசகாமல் கோடு போட்டுக் காட்டவேண்டும். ஒரு நோயாளிக்கு முந்நூறு படம். அந்தக் கோடுகளை வைத்துக் கம்ப்யூட்டர் அந்த ஒருவருடைய இதயத்தையே கட்டி, உள்ளே ரத்தத்தை ஓடவிடும். பெயர் வராது, எண் மட்டும்தான்.

அன்று நாற்பத்தேழாம் எண். துடிப்பு தாறுமாறானவர். ரத்தம் எங்காவது தேங்கினால் உறைந்து, மூளைக்குப் போய் அடைத்துக்கொள்ளும். தேங்காவிட்டால், வயிற்றுப் புண்காரரான அவருக்கு, புண்ணில் ரத்தம் கசியவைக்கும் உறைதடுப்பு மருந்து வேண்டாம் என்று டாக்டர் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். மாலைக்குள் பதில் சொல்லவேண்டும்.

திரையில் ரத்தம் தங்கு தடையில்லாமல் ஓடியது. “பாத்தீங்களாக்கா, எங்கேயும் நிக்கல. எல்லாம் உங்க கைவாகு!” என்றார் அந்தக் கம்ப்யூட்டரை ஓட்டும் பொறியாளர்.

அவளுக்குத்தான் உறுத்தியது. ஒரு மனுஷனுடைய இதயம் இவ்வளவு வழுவழுவென்றா இருக்கும்? படங்களைத் திரும்பப் புரட்டினாள். இடது மேலறையின் மூலையில், கட்டைவிரல் அளவுக்கு ஒரு சுருங்கிய பை. மங்கலாக இருந்ததால் கறை என்று நினைத்து, ஓரத்தைச் சீராக்கியிருந்தாள்.

“தம்பி, அனுப்பாதீங்க. ஒரு மூலையை வெட்டிட்டேன்.”

“படத்துலதானேக்கா? பதறாதீங்க.”

“அந்த மனுஷனுக்கு இன்னிக்குப் படமும் இதயமும் ஒண்ணுதான்.”

சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் மடிப்பு மடிப்பாக வரைந்தாள். கம்ப்யூட்டர் இரண்டு மணி நேரம் கணக்குப் போட்டது. பிறகு ரத்தம் நான்கு வழியாக உள்ளே வந்து, கோலிகுண்டுக்குள் இருக்கும் வண்ணம்போலச் சுழன்று, வால்வு திறந்ததும் பாய்ந்தது. அந்தப் பைக்குள் மட்டும் கருநீலம். நுழைந்த ரத்தம் எட்டுத் துடிப்பு ஆகியும் வெளியே வரவில்லை.

அவள் எழுந்து நின்றதே அவளுக்குத் தெரியாது. முகம் தெரியாத ஒருவர் மாடியில் எங்கோ கட்டிலில் படுத்திருக்கிறார். அவருக்கே தெரியாத அவருடைய மூலை இதோ கண்ணெதிரே துடிக்கிறது. பொறியாளர் உடனே டாக்டருக்குப் போன் போட்டார். “மருந்து ஆரம்பிச்சிடறேன்” என்றார் டாக்டர்.

சாயங்காலம் இதையெல்லாம் சொல்லி முடித்தபோது, என் வீட்டுக்காரர் சட்டைக் காலரை அவளிடம் நீட்டினார். “நூல் தொங்குது பார். என்ன, கத்தரி எடுக்கலையா?”

“இருண்ணா. எங்கேயிருந்து வருதுன்னு முதல்ல பாத்துக்கறேன்.”

பார்த்துவிட்டுத்தான் நறுக்கினாள்.