கார்டுக்காரர் போட்ட விதி

எங்கள் கடை வரிசையில் அடையாள அட்டை அடிக்கும் கடை ஒன்று உண்டு. முதலாளி, தொழிலாளி, கூட்டிப் பெருக்குகிறவர் எல்லாம் ஒரே ஆள்தான். கார்டுக்காரர் என்றால் எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடம், ஆலை, ஆஸ்பத்திரி என்று ஊர்க் கழுத்துகளில் தொங்குவதெல்லாம் அவர் அடித்தது. பெயருக்குக் கீழே சிவப்பில் ரத்த வகையைப் போடுவார். போட்டுப் போட்டு, ரத்தத்தைப் பற்றித் தனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்ற நினைப்பு வந்துவிட்டது.

“பிள்ளைக்கு அப்பன் குரூப் வரணும், இல்லேன்னா அம்மா குரூப் வரணும். மூணாவதா ஒண்ணு வந்தா அந்த வீட்டுல ஏதோ இருக்கு” என்பார். பெரிய டாக்டர் மாதிரிதான் பேச்சு.

மகளின் பள்ளி ஆர்டர் வந்த அன்று அந்த வாய் அடைத்துப்போனது. அவர் ஏபி, மனைவி ஓ. மகளுக்கோ பி. தப்பாக எழுதிவிட்டார்கள் என்று மறுபடி சோதித்துப் பார்த்தார். அதே பிதான் வந்தது.

மனைவியிடம் கேட்டார். என்ன கேட்டார் என்று சொல்ல எனக்கு நாக்கு கூசுகிறது. “உங்க பொண்ணுதாங்க” என்றாள் அவள். அவர் நம்பவில்லை. மடியில் வந்து உட்கார்ந்த மகளை ஒருநாள் இறக்கிவிட்டு, “உன் அப்பன் யாருன்னு உங்கம்மாவைக் கேளு” என்றார். மறுநாளே அவள் மகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

பிறகு ஒருநாள் ஆஸ்பத்திரி லேபில் வேலை செய்யும் பெண் கார்டு வாங்க வந்தாள். அவளிடமும் தன் விதியை எடுத்துவிட்டு, தன் வீட்டு மூன்று பேர் குரூப்பையும் சொன்னார். அவள் சிரித்துவிட்டாள்.

“ஏபின்னா ஏயும் பியும் சேர்ந்தது. அதுல ஏதாவது ஒண்ணுதான் பிள்ளைக்குப் போகும். ஓவுல ரெண்டுமே கிடையாது. அதனால உங்க பிள்ளைக்கு ஏ, இல்லேன்னா பிதான் வரும். உங்க குரூப்போ அவங்க குரூப்போ வந்திருந்தாத்தான் நீங்க யோசிச்சிருக்கணும்.”

அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. கூடவே அவர்மேல் ஆத்திரமும் வந்தது. கடையைச் சாத்திவிட்டு, துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு மச்சான் வீட்டுக்கு ஓடினார்.

மனைவி வாசலை மறித்து நின்று எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

“லேப்காரப் பொண்ணு சொன்னதும் நம்பிட்டீங்க. நான் சொன்னப்போ நம்பலையே. நாளைக்கு வேற யாராவது வேற மாதிரி சொன்னா?”

“குழந்தைய ஒரு தடவை பார்த்துட்டுப் போயிடறேன்” என்றார்.

அவள் திரும்பி மகளைக் கூப்பிட்டாள். கதவுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

“அந்த ஆளு போயிட்டாராம்மா?”