எட்டாத பெட்டி

பள்ளிக்கூடங்களில் அவருக்கு வைத்திருந்த பெயர் டிக்கம்மா. அவர் வருகிற செய்தி எப்படியோ முன்கூட்டியே கசிந்துவிடும். வருடக்கணக்காகத் தொங்கிக்கொண்டிருந்த கழிப்பறைத் தாழ்ப்பாளுக்கு ஒரே நாளில் உயிர் வந்துவிடும்.

பிள்ளைகளின் பாதுகாப்புக்கு என்ன ஏற்பாடு இருக்கிறது என்று பள்ளிகளிலும் விடுதிகளிலும் காப்பகங்களிலும் போய்ப் பார்த்து அறிக்கை எழுதுவது அவர் வேலை. பதினோரு வருடமாக இதே வேலை. போகிற இடத்தில் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார். பிளாஸ்க்கும் சாப்பாட்டு டப்பாவும் கூடவே போகும். "அவங்க பிஸ்கட்டத் தின்னுட்டு அவங்க மேல குறை எழுத எனக்குக் கை வராது" என்பார். வீட்டிலும் இதே கதைதான். கேஸை மூடியாச்சா, கதவைப் பூட்டியாச்சா என்று மூன்று தடவை பார்த்துவிட்டுத்தான் படுப்பார். "எனக்கும் ஒரு டிக் போட்டுட்டுப் படு" என்பது கணவரின் பழைய கிண்டல்.

அவர் கையோடு கொண்டுபோகும் படிவத்தில் நாற்பத்திரண்டு கேள்விகள். எல்லாம் அவரே எழுதியவை. ஊரிலுள்ள மற்ற தணிக்கைக்காரர்களும் அதைத்தான் வைத்துக்கொண்டு சுற்றினார்கள். மேலதிகாரி அதில் ஒரு வார்த்தையை மாற்றச் சொன்னாலும் அன்றைக்குப் பூராவும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். கொஞ்சம் கர்வம் இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது.

அன்று போன பள்ளிக்கு இரண்டு வருடம் முன்பு நாற்பத்தொரு டிக் கொடுத்திருந்தார். தலைமையாசிரியர் இந்தத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர். கூடவே நடந்தார், கேட்பதற்கு முன்பே பதில் சொன்னார். அலுவலக அறைக்கு வெளியே, கடிகாரத்துக்குப் பக்கத்தில், சிவப்புப் புகார்ப் பெட்டி. பெட்டி உள்ளதா? உள்ளது. பூட்டு? உள்ளது. சாவி வெளியாளிடமா? பெற்றோர் சங்கத்துக்காரரிடம். அவர் வந்து திறந்து காட்டிவிட்டுப் போனார். காலி.

"எங்க பசங்களுக்குக் குறையே கிடையாது மேடம்" என்றார் தலைமையாசிரியர்.

டிக்கம்மா வரிசையாக டிக் போட்டார். அப்போது பேனா மூடி விழுந்து சுவரோரம் உருண்டது. அதை எடுக்கக் குந்தி, முழங்கால் வலிக்கிறதே என்று சுவரில் கை ஊன்றி நிமிர்ந்து பார்த்தார். கீழேயிருந்து பார்த்தால் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு இடுக்கு. இடுக்கில் காகித முனை.

இரும்பு ஸ்கேலை விட்டு நெம்பினார். மடித்த நோட்டுத்தாள்கள் நான்கு விழுந்தன.

"ஏன் சார் இவ்வளவு உயரத்துல மாட்டியிருக்கீங்க?"

"கீழ இருந்தா பசங்க நோண்டுறாங்க மேடம். மிட்டாய்க் காகிதமெல்லாம் போடுறாங்க. அதான் ஏத்தி மாட்டிட்டோம்."

மனுஷன் பொய் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கான பெட்டியைப் பிள்ளைகளிடமிருந்து காப்பாற்றி வைத்திருந்தார். படிவத்திலும் எட்டுமா என்றொரு கேள்வி கிடையாது.

மூன்று தாள்கள் ஒரே கையெழுத்து. வகுப்பில் பழக்கியபடி மேலே தேதியும் வகுப்பும் போட்டிருந்தது. மூன்றாம் வகுப்பு. 'வீட்டுப்பாடம் செய்யலனா டீச்சர் சாமான் ரூம்ல வெச்சுப் பூட்டுறாங்க. இருட்டா இருக்கு.' இரண்டாவது, 'இன்னைக்கும் பூட்டினாங்க. சீக்கிரம் வாங்க.' அந்தத் தேதி அவருடைய முந்தைய தணிக்கைக்கு ஒன்பது நாள் முன்பு. மூன்றாவது, தணிக்கைக்கு மறுநாள் தேதியிட்டது. 'நேத்து டிக் போட்ட ஆண்ட்டி, படிச்சீங்களா?'

நான்காவது வேறொரு பிள்ளையின் கையெழுத்து. அதே டீச்சர், அதே அறை. தேதி போன வாரம்.

டிக்கம்மா தாள்களைக் கையில் எடுத்துக்கொண்டார். நேரே போய் விளையாட்டுச் சாமான் அறையைப் பார்த்தார். ஜன்னல் இல்லை. வெளிப்பக்கம் புதுத் தாழ்ப்பாள்.

தலைமையாசிரியர் குரலைத் தாழ்த்தினார். "டீச்சர நான் கண்டிச்சு வைக்கிறேன் மேடம். இத எழுதினா எனக்கு மட்டுமா? போன தடவ இதே பெட்டிக்கு டிக் போட்டது நீங்க. படிவமும் உங்களுது. உங்க வேலைக்கே ஆபத்தா வந்துடும்."

அதில் பொய் ஒன்றும் இல்லை. டிக்கம்மா ஓய்வு பெற இன்னும் நான்கு வருடம். அவர் பிளாஸ்க்கைத் திறந்து அரை டம்ளர் டீ குடித்தார். பிறகு குழந்தைகள் நல அலுவலருக்குப் போன் போட்டார்.

மதியத்துக்குள் அலுவலரும் ஆலோசகரும் வந்துவிட்டார்கள். டீச்சரை வகுப்பிலிருந்து விலக்கினார்கள். கடிதம் எழுதிய பிள்ளை இப்போது ஐந்தாம் வகுப்பு. ஆலோசகர்தான் பேசினார், டிக்கம்மா ஓரமாக ஒரு குட்டி நாற்காலியில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். தாள்களைப் பார்த்ததும் பிள்ளை, "என்னுதுதான்" என்றது.

"ஏம்மா பெட்டிக்குள்ள போடல?"

"எட்டல. இடுக்குல சொருகினேன். இப்ப எட்டும்."

"அப்ப இப்ப ஏன் எழுதறதில்ல?"

"இப்ப நான் தினமும் வீட்டுப்பாடம் செஞ்சுடறேன்."

ஆலோசகர் குறித்துக்கொண்டார். பிள்ளை டிக்கம்மாவைத் திரும்பிப் பார்த்தது. "நீங்கதான அன்னைக்கு வந்தீங்க? நாங்க லைன்ல போயிட்டிருந்தோம். நீங்க பெட்டியப் பாத்து எழுதினத பாத்தேன். படிச்சிட்டீங்கன்னு நெனச்சேன்."

"படிக்கலம்மா" என்றார். "பெட்டிய மட்டும் பாத்துட்டுப் போயிட்டேன். என் தப்பு."

"சரி ஆண்ட்டி" என்றது பிள்ளை. பெரியவர்கள் எது சொன்னாலும் சொல்கிற அதே சரி. அவருக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

அறிக்கையில் முதல் குறையாகத் தன்னுடைய பழைய அறிக்கையை எழுதினார், தேதியோடு. அந்தப் படிவத்தை வைத்துத் தணிக்கை செய்த அறுபத்தெட்டு இடங்களுக்கும் திரும்பப் போக வேண்டும் என்று இரண்டாவதாக எழுதினார். விசாரணை நோட்டீஸ் எட்டு நாளில் வந்தது. அது முடிகிறவரை அந்த இடங்களுக்குப் போகலாம் என்றார்கள், போனார். முதல் பள்ளியில் வாசலிலேயே பிஸ்கட் தட்டோடு நின்றார்கள்.

அவர் நேரே பெட்டியிடம் போய், பேனாவை எடுக்காமல், தரையில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தார்.