பேய்க்குத் துவைத்த துணி

இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருடங்கள் நான் பேய்களுக்குத் துணி தைத்துக்கொண்டிருந்தேன். இதைச் சொன்னால் என் பிள்ளைகளே சிரிக்கிறார்கள். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு ஷெட். தீம் பார்க்குகளுக்கு அசையும் பொம்மைகள் செய்து கொடுத்தார்கள். இரும்புச் சட்டம், மோட்டார், காற்று சிலிண்டர் எல்லாம் ஃபிட்டருடைய வேலை. லைட் வேலை, நாங்கள் பாய் என்று கூப்பிடும் எலக்ட்ரீஷியனுடையது. உடுப்பு என்னுடையது.

செம்பாக்கத்திலிருந்து தாம்பரம், பல்லாவரம் என்று மாறி, குன்றத்தூர் பஸ்ஸில் போய் இறங்குவேன். பத்தாவதோடு நின்றவள், தையல் மட்டும் தெரியும். நாலு பேர் நடுவில் எனக்கு வாய் வராது. நூல் தீர்ந்தால்கூட ஒரு சீட்டில் எழுதி ஃபிட்டரிடம் கொடுப்பேன்; அவர் முதலாளியிடம் சொல்வார்.

"யக்கா, நீ பேசறதுக்குள்ள இந்தப் பொம்மையே பேசிடும் போல கீது" என்பார் ஃபிட்டர்.

ஆனாலும் அந்த இடம் எனக்குப் பிடித்திருந்தது. பெயின்ட் வாடை, சுவரோரம் தலையில்லாமல் நிற்கும் உடம்புகள், பெஞ்சில் கொட்டிக்கிடக்கும் கண்கள், நடுவில் என் தையல் மெஷின். பதினோரு மணி டீ வந்தால் பாய் தன் டம்ளரை ஏதாவது ஒரு எலும்புக்கூட்டின் கையில் மாட்டிவிட்டு வேலை பார்ப்பார். அதைப் பார்த்து நான் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பேன்.

ஒரு பார்க்கில் பேய் மாளிகை வேலை வந்தது. இருட்டில் தண்டவாளத்தில் வண்டி போகும். மூன்றாவது வளைவில் ஒரு கிணறு. அங்கே ஊதா நிற டியூப் ஒன்று எப்போதும் எரியும். அந்த வெளிச்சத்தில் சுவரில் வரைந்த மண்டை ஓடுகள் மட்டும் பளபளக்கும், மற்றதெல்லாம் இருட்டு. கிணற்றடியில் ஒருத்தி குந்தியிருப்பாள். யார் கண்ணுக்கும் தெரியமாட்டாள். வண்டிச் சக்கரம் சுவிட்சை மிதித்ததும் முகத்தில் சிவப்பு லைட் அடிக்க, விருட்டென்று எழுந்து நிற்பாள்.

அவளுக்கு, வெளுக்காத காடாத் துணியில் நீளமாக ஓர் அங்கி. புதுத் துணியை நனைத்துச் சுருக்காமல் கத்தரி வைக்கக்கூடாது என்று தையல் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். வீட்டுக்கு எடுத்துப்போய், கஞ்சி வாடை போகட்டும் என்று சோப்புப் பவுடரில் ஊறவைத்து, இரண்டு தரம் துவைத்து மொட்டைமாடியில் காயப்போட்டேன். பிறகுதான் வெட்டித் தைத்தேன்.

பார்க்கில் பொருத்தி முடித்த அன்று, நான்கு மணிக்கு மேனேஜர் பார்க்க வருவதாக இருந்தது. இரண்டு மணிக்கு நாங்கள் கதவைச் சாத்திவிட்டு வண்டியைத் தள்ளிப் பார்த்தோம். மூன்றாவது வளைவு வருவதற்கு முன்பே, தூரத்திலேயே அவள் நீலவெள்ளையாக எரிந்துகொண்டிருந்தாள்.

ஃபிட்டர் சிரித்துவிட்டார். "இன்னா பாய், பேய்க்கு உள்ள பல்ப் மாட்டிகினியா?"

"சும்மா இருப்பா. என் லைட்டு கரெக்டா கீது."

பாய் டியூபைத் திருப்பினார். தள்ளி வைத்தார். கறுப்புக் காகிதம் ஒட்டினார். டியூபை மறைத்தால் மண்டை ஓடுகளும் மறைந்தன. திறந்தால் அவள் எரிந்தாள். ஒரு மணி நேரம் போய்விட்டது.

"போதும் பாய்," என்றார் முதலாளி. "இந்த டியூப் நீங்க செலக்ட் பண்ணது. நாளையிலேர்ந்து லைட்டுக்கு நான் வேற ஆள் பாத்துக்கறேன்."

பாய் ஏணியிலிருந்து இறங்கி, ஸ்க்ரூ டிரைவர்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பைக்குள் போட ஆரம்பித்தார்.

அப்போதுதான் பார்த்தேன். முதலாளியின் வெள்ளைச் சட்டையும் அவளைப் போலவே எரிந்தது. ஃபிட்டரின் பனியன் எரிந்தது. என் ரவிக்கைக் கையும்தான். கிணற்றுக்கு அந்தப் பக்கம், வேனில் வரும்போது அவள்மேல் அழுக்குப் படாமல் சுற்றிவந்த மீதிக் காடாத் துணி கிடந்தது. அதே தானில், ஒரே துணிச் சுருளில், வெட்டியது. அது மட்டும் இருட்டோடு இருட்டாக இருந்தது. அதை நான் துவைக்கவில்லை; சோப்புப் பவுடர் பட்டதெல்லாம்தான் அந்த ஊதா வெளிச்சத்தில் எரிந்தது.

எழுதிக் கொடுக்கக் காகிதம் இல்லை. இருந்தாலும் அந்த இருட்டில் யார் படிப்பது? பாய் பையின் ஜிப்பை இழுக்கும் சத்தம் கேட்டது.

"சார்," என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடியும், "சார்!" எனக்கே பயமாக இருந்தது; உள்ளே எதிரொலித்தது.

"யாரு?" என்றார் முதலாளி. என் குரல் அவருக்குத் தெரியாது.

"நான்தான் சார். துணியைப் பவுடர் போட்டுத் தொவைச்சேன். அதான் எரியுது. உங்க சட்டையப் பாருங்க. பாய் மேல தப்பு இல்ல."

முதலாளி குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். பிறகு அவளை. "பேய்த் துணிய யாராவது தொவைப்பாங்களாம்மா?"

"யக்கா அதுக்கு இஸ்திரியும் போட்டுச்சு சார்," என்றார் ஃபிட்டர். அதுவும் உண்மைதான்.

முதலாளி சிரிக்கவில்லை. மணியைப் பார்த்தார். நான் மீதித் துணியை எடுத்து, அங்கியின் மேலேயே சுற்றி, கையால் தைக்க உட்கார்ந்தேன். ஊசியும் நூலும் எப்போதும் என் கைப்பையில் இருக்கும். பாய் பையைக் கீழே வைத்துவிட்டு வந்து டார்ச் பிடித்தார்.

"சத்தமா பேசுனியேம்மா," என்றார் மெதுவாக.

"ஊசி தெரியல பாய். கொஞ்சம் கிட்ட காட்டுங்க."

மேனேஜர் நான்கரைக்கு வந்தார். நாங்கள் வெளியே நின்றோம். வண்டி முதல் வளைவு, இரண்டாவது வளைவு என்று போகும் சத்தம் கேட்டது. பிறகு உள்ளேயிருந்து "ஐயோ!" என்று ஓர் ஆண்குரல்.

முதலாளி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பாயிடம் மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. வேனில் ஏறும்போது, திரும்பிப் பார்க்காமலே, "பாய், நாளைக்குக் காலையில நாலாவது வளைவு லைட்டப் பாத்துடுங்க," என்றார்.

"சரி சார்," என்றார் பாய், தன் பையை முதலில் வேனுக்குள் ஏற்றிக்கொண்டே.