தங்கையின் நஞ்சுக்கொடி

ஃப்ரீசரைத் திறந்து, டப்பாவின் மூடியைச் சுற்றிலும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டுப் படாரென்று கதவைச் சாத்துகிறாள் பைக்காரி. பிறகு முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுகிறாள். "கசியல. மகாராணி பத்திரமா இருக்கா" என்கிறாள் என்னிடம்.

பள்ளிக்கூடப் பை, பயணப் பை, கைப்பை, எது பிய்ந்தாலும் எங்கள் தெருவில் அவளிடம்தான் போகும். அதனால்தான் அந்தப் பெயர். நான் எதிர்வீட்டுக்காரி. மக்கர் செய்யும் ஜிப்பில் மெழுகைத் தேய்த்தபடி அவள் பேசுகிற வம்பெல்லாம் எனக்குத்தான் முதலில் வரும். அதில் பாதி அவள் தங்கையைப் பற்றியது.

"எனக்கு முன்னாடி அவளுக்குக் கல்யாணம். எனக்கு முன்னாடி சொந்த வீடு. இப்ப பிள்ளையும்! நான் மூத்தவளாம், பேருக்கு!"

பைக்காரிக்குக் குழந்தை இல்லை. ஆஸ்பத்திரிகள் ஏறி இறங்கி அலுத்துப்போனவள். பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால் தையல் மெஷினை வேகமாக மிதிப்பாள்.

டப்பாவில் இருப்பது தங்கையின் நஞ்சுக்கொடி. கட்டிக்கொண்டிருக்கும் புது வீட்டில் அதைப் புதைத்து, மேலே கொய்யாக் கன்று வைக்க வேண்டும் என்று தங்கைக்கு ஆசை. அங்கே பூச்சு வேலை முடிகிற வழியாக இல்லை. வாடகை வீட்டு ஃப்ரிஜ்ஜிலோ மாமியார் இடம் தரவில்லை. "திங்கிற சாமானோட அதையா?" என்றாராம். டப்பா அக்காவிடம் வந்தது.

அக்காவும் ஏனோதானோவென்று வைக்கவில்லை. நர்ஸைப் போனில் துருவித் துருவிக் கேட்டாள். கையுறை மாட்டி, இரட்டைப் பைக்குள் கட்டி, இறுக மூடும் டப்பாவில் வைத்து, பெயரும் தேதியும் ஒட்டினாள். ஃப்ரீசரில் இருந்த தின்பண்டம் ஒன்றுவிடாமல் வெளியேறியது. ஐஸ் கேட்ட கணவரை, "அங்க உங்க மச்சினி குடியிருக்கா" என்று விரட்டினாள்.

குழந்தையைப் பார்க்க மட்டும் போகவில்லை. போனில் வந்த படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். "மூக்கு அப்படியே என் மூக்கு. அதையும் அவளே எடுத்துக்கிட்டா."

இப்படியிருக்க, ஒரு நாள் தங்கை கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் இருந்ததால் எனக்கும் கேட்டது. "அக்கா, குழி வெட்ட ஆள் கிடைக்கல. உனக்கும் தொந்தரவு. ஆஸ்பத்திரியிலயே திருப்பிக் குடுத்துடலாமா? அவங்க முறையா அழிச்சிடுவாங்க."

மெஷின் நின்றது. "இருக்கிறவளுக்கு எல்லாமே இளப்பம்தான்டி." என்றாள். "எனக்கு மட்டும் இப்படி ஒண்ணு..." முடிக்கவில்லை. "நாளைக்கு வர்றேன். குழிய நானே வெட்டுறேன்."

வெட்டவும் செய்தாள். என் ஸ்கூட்டரில் டப்பாவை மடியில் அணைத்துக்கொண்டு வந்தவள், இறங்கியதும் தங்கை கணவரிடமிருந்து மண்வெட்டியைப் பிடுங்கினாள். நாய் தோண்டி எடுக்க முடியாத ஆழம் வரும்வரை யாரையும் கிட்டே விடவில்லை. புதைத்து, மண் தள்ளி, கன்றை நட்டு நிமிர்ந்தபோது புடவையெல்லாம் சேறு.

தங்கை குழந்தையோடு வந்தாள். "பிடி அக்கா. இவ பெரியம்மாவ இன்னும் பார்க்கவே இல்ல."

கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு பைக்காரி குழந்தையை வாங்கினாள். வாங்கியதும், கொஞ்ச நேரமாவது தனக்கு மட்டும் என்பதுபோல, அதன் முகம் தங்கைக்குத் தெரியாதபடி சுவர்ப்பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டாள்.