பெட்டிக்குத் தெரியாத மழை

எந்த இயந்திரத்தைக் கண்டாலும் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. புளியங்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பஞ்சாயத்து அலுவலக வளாகத்தில் மழைமானியை நட்டபோது மூன்று நாள் அதையே சுற்றிச் சுற்றி வந்தேன். மேலே ஒரு புனல், உள்ளே பூங்காவில் பிள்ளைகள் ஏறி ஆடும் சீசாப் பலகை மாதிரி சாய்ந்தாடும் சின்னக் கிண்ணம். கிண்ணம் நிறைந்து சாயும் ஒவ்வொரு தடவையும் கணக்கு தானாகவே டெல்லி வரை போய்விடும் என்றார்கள்.

பருவம் தவறியோ அளவு மீறியோ பெய்யும் மழைக்காக மத்திய அரசு கொண்டுவந்த பயிர்க் காப்பீட்டுக்கான ஏற்பாடு அது. பூ உதிர்ந்த எலுமிச்சை மரத்தை யாரும் வந்து பார்க்க மாட்டார்கள். அந்த மழைமானிப் பெட்டி சொல்லும் மழைதான் மழை. இது எனக்கு விநோதமாகவும் இருந்தது, பிடித்தும் இருந்தது.

ஐப்பசியில் மூன்று நாள் கொட்டித் தீர்த்தது. குற்றாலத்தில் குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். என் பக்கத்துத் தோட்டத்துக்காரி, கணவன் துபாயில் இருக்கத் தனியாளாக எலுமிச்சை வளர்ப்பவள், மரத்தடியில் வெள்ளை வெள்ளையாய்க் கிடந்த பூவைக் காட்டினாள். இழப்பீடு வந்தால்தான் அடுத்த காய்ப்பு வரை தாங்க முடியும் என்றாள். இழப்பீட்டுப் பட்டியல் வந்தபோது அதில் எங்கள் ஊரே இல்லை. பெட்டியின் கணக்கில் அந்த மூன்று நாளும் வெறும் தூறல்.

எனக்கு மண்டை குடைந்தது. பெட்டியைச் சோதிக்க ஆள் வரும் நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு, அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். வந்தவர் புனலைக் கழற்றிக் கவிழ்த்தார். கறுத்து அழுகிய கேந்திப்பூ இதழ்கள், காய்ந்த சந்தனக் கட்டி, கொஞ்சம் நூல். சொட்டுச் சொட்டாகக் கசிய மட்டும் இடம் விட்டுத் துளை அடைத்திருந்தது.

அந்த மழைக்கு முன்னால் வந்த ஆயுத பூசை. பம்ப்செட்டுக்கும் டிராக்டருக்கும் போட்டதுபோக மிஞ்சிய மாலையை, நாளைக்கு நமக்குச் சோறு போடப் போகிற இயந்திரமாயிற்றே என்று, நான்தான் அதன் தலையில் சுற்றினேன். சந்தனமும் தாராளமாக அப்பினேன்.

அவர் ‘குப்பை அடைப்பு’ என்று எழுதப் போனார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. எப்போதிலிருந்து அடைத்திருக்கிறது என்று தெரியாமல் அந்த மூன்று நாள் கணக்கைத் தள்ள முடியாதே என்று அவர் இழுத்தபோது சொல்லிவிட்டேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

அவள் கத்தவில்லை. “அண்ணாச்சி, நம்ம மழை டெல்லிக்குத் தெரிய அந்த ஒரு பெட்டிதான் இருந்துது. அதுக்கும் கண்ணக் கெட்டிட்டியளே” என்றாள்.

அங்கேயே உட்கார்ந்து, எந்த நாளில், எந்தப் பூவை, எங்கே வைத்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் தோட்டத்தில் மழை பெய்தது என்பதற்கு இப்போது இருக்கும் ஒரே சாட்சி அந்தத் தாள்தான்.