ஒரே மரத்தில் மோதிய நான்கு லொறிகள்

அப்பாவின் லொறி பிரேக் இல்லாமல் இறங்கியபோது அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். இதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மூன்று பேர் வந்து, அந்த விபத்து தங்களுக்குத்தான் நடந்தது என்று என் முகத்துக்கு நேரே சொன்னார்கள். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் லுணுகலைக்கு மேலே. அப்பா கொழுந்து லொறி டிரைவர். மேல் டிவிஷனில் கொழுந்து மூட்டைகளை ஏற்றிக் கீழே ஃபெக்டரியில் கொண்டுவந்து போடுவார். அந்த லொறி அப்பாவைவிட வயதானது என்று பெரியப்பா சொல்வார். அவரும் அதே லொறியை ஓட்டி ஓய்ந்தவர்தான். என் பள்ளிக்கூடம் மேலே, எங்கள் வீடு இருக்கும் லயம் கீழே. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் கண்டால் அப்பா என்னை ஏற்றிக்கொள்வார்.

அன்றும் ஏற்றிக்கொண்டார். கோயில் வளைவுக்கு முன்னால் எதையோ காலால் மிதித்தார். மறுபடியும் மிதித்தார். பிறகு கியரைத் தட்டிப் போட்டார். லொறி மாடு மாதிரிக் கத்தியது. "கீழ குனி" என்றார். நான் குனியவில்லை. என் பக்கத்துக் கதவு மண்மேட்டில் உரசிக்கொண்டே போனது. ஜன்னல் வழியாக மண்ணும் புல்லும் என் மடியில் கொட்டின. வளைவில் மண்மேடு முடிந்ததும் லொறி மறுபக்கம் இழுத்து, ஒரு யூகலிப்டஸ் மரத்தில் மோதி நின்றது. முன் சக்கரம் ஒன்று பள்ளத்துக்கு மேலே சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. மடியில் இருந்த மண்ணைத் தட்டிவிட்டு, "இன்னொரு தடவ போவோமாப்பா?" என்று கேட்டேனாம். அது எனக்கு நினைவில்லை, அப்பாவிடம் கேட்டு அம்மா சொன்னது.

பண்டாரவளையிலிருந்து மெக்கானிக் வந்து பிரேக்கைச் சரிசெய்தார். கதவு நசுங்கியது நசுங்கியபடியே இருந்தது. லொறி சரியாகிவிட்டது, அப்பாதான் படுக்கையிலிருந்து எழும்பவில்லை. வயிற்றுவலி என்றார். நான் நம்பினேன். கொத்தமல்லி அவித்த தண்ணீரை நான்தான் கொண்டுபோய் நீட்டினேன். என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார், டம்ளரை வாங்கவில்லை. திங்கட்கிழமை லொறி ஓடாவிட்டால் வேறு டிரைவர் வருவான், உன் புருஷனுக்கு மண்வெட்டி வேலைதான் என்று தோட்டத்துத் தொரை சொல்லியனுப்பியதாக ஆபீஸ் கிளாக்கர் வந்து அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அம்மா யாரிடம் என்ன சொல்லி அனுப்பினாளோ, ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று பேர் வந்து இறங்கினார்கள்.

பெரியப்பா ஒருவர். அப்புத்தளைப் பக்கம் கோவா, கரட் என்று மரக்கறி லொறி ஓட்டிய மாமா இன்னொருவர். மூன்றாவது பதுளை நானா, அப்பாவின் முஸ்லிம் கூட்டாளி. மாவு மூட்டை லொறியிலேயே தலை நரைத்தவர், பெருநாளுக்கு எங்களுக்கு வட்டிலாப்பம் கொண்டுவருவார். மூவரும் அப்பாவைக் கைப்பிடியாக இழுத்துக்கொண்டு போய் லொறி கொட்டகையில் உட்காரவைத்தார்கள். ஒருவரும் வயிற்றுவலியைப் பற்றிக் கேட்கவில்லை. அம்மா கேத்தலில் பிளேன்டீ கொண்டுவந்தாள். நான் அவள் பின்னால் போய்ப் படியில் உட்கார்ந்தேன்.

பெரியப்பா ஆரம்பித்தார். "எனக்கு ஒருக்கா இந்தக் கோயில் வளைவுலயே பிரேக்கு போச்சு. மேட்டுல உரசிக்கிட்டே வந்து மரத்துல முட்டுனேன். சக்கரம் பள்ளத்துக்கு மேல கெறங்குது."

அது அப்பாவுக்கு நடந்தது. நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அட போங்க அத்தான், அது எனக்கில்ல நடந்துச்சு," என்றார் மாமா. "அப்புத்தளை எறக்கம். லொறி நெறைய கோவா. மண்மேடு, மரம், சக்கரம் எல்லாம் அப்பிடியே."

"உன் கோவா லொறி எறக்கத்துலயே தள்ளுனாத்தான் போகும்," என்றார் பெரியப்பா. " அதுக்கு எதுக்குடா பிரேக்கு?"

நானா சிரிக்கவில்லை. "எண்ட கதைய ரெண்டு பேரும் களவெடுக்கிறீங்க. பதுளை ரோட்டுல போனது நான். ஜன்னலால மண் கொட்டி, பக்கத்து சீட்டு நெறைஞ்சு கெடந்திச்சு. நல்ல வேளை, அந்த சீட்டுல யாரும் இல்ல."

அந்த ஒரு மரம் எப்படி மூன்று ரோட்டிலும் நிற்கும்? பெரியவர்கள் மூன்று பேர் பொய் சொல்கிறார்கள், அப்பா வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருக்கிறார். எல்லாவற்றையும்விட அந்தச் சீட்டுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று கத்தினேன்: "பொய்யி! அது எங்க அப்பா லொறி! அந்த சீட்டுல நான் இருந்தேன்! மண்ணு என் மடியிலதான் கொட்டுச்சு!"

அப்பா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அம்மா என் முதுகில் ஒன்று வைத்து, தரதரவென்று வெளியே இழுத்துக்கொண்டு போனாள். உண்மையைச் சொன்னவளுக்கு அடி, பொய் சொன்னவர்களுக்குப் பிளேன்டீ. அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுதாக ஆறவில்லை.

அம்மா வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே பேச்சு மறுபடி தொடங்கியது, இப்போது இன்னும் சத்தமாக. மாமா சொன்னார்: "நான் ஹேண்ட் பிரேக்கப் புடிச்சி ஒரே இழுவையா இழுத்தேன் பாரு மச்சான்..."

"இழுத்திருப்ப," என்றது அப்பாவின் குரல். அந்த வாரம் முழுக்க அவருடைய அந்தப் பழைய குரலை நான் கேட்டிருக்கவில்லை. "இழுத்திருந்தா பின்பக்கம் வழுக்கி, நீயும் உன் கோவாவும் ஆத்துல கெடந்திருப்பீங்க. ரெண்டாவது கியர்ல தட்டணும். தட்டிட்டு மேட்டுல சாய்க்கணும். அப்பிடித்தான் சாய்ச்சேன்."

"சாய்ச்சியா? நீயா?" என்றார் பெரியப்பா.

"நான்தான். வேற யாரு?"

"பக்கத்துல ஆள் இருந்திச்சா?" நானா மெதுவாகத்தான் கேட்டார்.

அம்மாவின் விரல்கள் என் தோளில் இறுகின.

"இல்ல," என்றார் அப்பா. "நான் மட்டுந்தான்."

கொஞ்ச நேரத்தில் எஞ்சின் இருமிக்கொண்டு கிளம்பியது. பெரியப்பா ஓடி வந்து முன் சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்தார். லொறி அவற்றை நசுக்கிக்கொண்டு கொட்டகையைவிட்டு வெளியே வந்தது. பெரியப்பாவும் நானாவும் பின்னால் தொற்றிக்கொண்டு சின்னப் பையன்கள் மாதிரி கூச்சல் போட்டார்கள். நசுங்கிய கதவுக்குப் பக்கத்தில், என் இடத்தில், மாமா உட்கார்ந்திருந்தார். நான் திமிறினேன். அம்மா விடவில்லை. அப்பா என் பக்கம் திரும்பாமல், ரோட்டையே பார்த்துக்கொண்டு கோயில் வளைவுக்கு ஏறினார். லொறி மேலே போய், திரும்பி, அதே வளைவில் இறங்கும் சத்தம் கேட்கும்வரை அம்மா வாசலைவிட்டு அசையவில்லை.

திங்கட்கிழமை அப்பா வேலைக்குப் போனார். என்னை லொறியில் ஏற்றுவதை மட்டும் நிறுத்திவிட்டார். நான் பள்ளிக்கூடத்திலிருந்து நடந்தே வந்தேன்.

பயந்துபோன டிரைவரின் பயம் தெளிய, அவன் விபத்தை மற்ற டிரைவர்கள் தங்களுடையதாகச் சொல்வது பழைய வழக்கம் என்று, நான் கல்யாணமாகிப் போன பிறகுதான் மாமா சொன்னார். அன்றைக்கே சொல்லியிருந்தால் குறைந்தா போயிருப்பார்கள்? சொல்லவில்லை. நான் வருஷக்கணக்கில் அவர்களைக் கதைத் திருடர்கள் என்றும், அப்பா என்னை மறந்துவிட்டார் என்றும் நினைத்துக்கொண்டு திரிந்தேன். நின்ற பிறகும் அப்பாவின் மனதில் அந்த லொறி, நான் பக்கத்தில் இருக்க, உருண்டுகொண்டேதான் இருந்தது. அதிலிருந்து என்னை இறக்கிவிடத்தான் அந்த மூன்று கிழவர்களும் அத்தனை தூரம் வந்திருந்தார்கள் என்பது, முதுகைத் தடவிக்கொண்டு வாசலில் நின்றவளுக்குத் தெரியவில்லை.